புகைக்கென்று வெட்டிய சில்லு

கரியில் புகை கிடையாது. ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிமூட்டங்களைத் தொலைவிலிருந்தே காட்டிக்கொடுக்கும் வெண்புகைதான் அந்தக் கரிக்குள் இருந்திருக்க வேண்டிய புகை. மண் பூசிய மூட்டத்துக்குள் விறகு நாட்கணக்கில் வெந்து, ஆவியாகக் கூடியதையெல்லாம் வெளியே விட்ட பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் கார்பன். அதனால் நல்ல கரி தணலாக மட்டுமே எரியும். சூடு தரும், மணம் தராது. கரியடுப்பில் சுட்ட கோழியில் ஏறும் வாசனையில் பெரும்பங்கு, தணலில் சொட்டிய கொழுப்பு கருகி எழுப்பியது. மரப்புகையின் மணம் வேண்டுமென்றால் மரத்தைத் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். தணலில் சாம்பிராணி போடுவதுபோலக் கைப்பிடி மரச்சில்லைப் போடுவது அதற்காகத்தான்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இருந்த பழைய பார்பிக்யூ குழிகளுக்குச் சில்லு தேவைப்படவில்லை. ஹிக்கரி, ஓக் விறகுகளே அங்கே எரிபொருள், அவையே மணமும். வீட்டுக் கொல்லையில் கரியை வைத்துச் சமைக்கும் சிறிய அடுப்புகள் பரவியபோதுதான் வெப்பமும் மணமும் இரண்டாகப் பிரிந்தன. சிகாகோ பகுதியில் ஜார்ஜ் ஸ்டீஃபன் 1952-ல் உருவாக்கிய, மூடி போட்ட உருண்டை வடிவ வெபர் அடுப்பு இதில் பேர்போனது. பின்னால் வந்த எரிவாயு அடுப்பில் மரமும் இல்லை, கரியும் இல்லை. இந்த அடுப்புகளுக்காகவே மரச்சில்லு பொட்டலங்கள் கடைக்கு வந்தன. உள்ளே இருப்பது வெட்டி உலர்த்திய மரம் மட்டுமே என்பதால், ஒரு கிளையும் ஒரு ரம்பமும் உள்ளவர் தாமே செய்துகொள்ளலாம். எந்த மரம் என்பதில் சமையல்காரர்கள் காட்டும் அக்கறையில் பாதியை ஈரத்திலும் அளவிலும் காட்டினாலே சில்லு நன்றாக அமையும்.

மரத்தின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 40 முதல் 45 சதவீதம் செல்லுலோஸ். அதைச் சுற்றிப் பின்னிக்கிடக்கும் அரைச்செல்லுலோஸ் 20 முதல் 35 சதவீதம். இரண்டையும் இறுக்கிப் பிடிக்கும் லிக்னின் 18 முதல் 35 சதவீதம். சூடு ஏறும்போது மூன்றும் ஒரே நேரத்தில் சிதைவதில்லை. அரைச்செல்லுலோஸ் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உடையத் தொடங்கி அசிட்டிக் அமிலத்தை, அதாவது காடியின் புளிப்பை, வெளிவிடுகிறது. செல்லுலோஸ் 300 டிகிரியை ஒட்டி வேகமாகச் சிதைகிறது. சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த சங்கிலிதான் அது என்பதால், கருகும் சர்க்கரையின் இனிய மணமுள்ள ஃபியூரான்களும் கார்போனைல் சேர்மங்களும் அதிலிருந்து கிளம்பும். இறைச்சியின் புரதங்களோடு வினைபுரிந்து மேற்பரப்புக்குப் பழுப்பேற்றுபவை இந்தக் கார்போனைல்களே. லிக்னின் 250 டிகிரியில் தொடங்கி 500 வரை நிதானமாக உடைகிறது. 'புகை வாசனை' என்று நாக்கும் மூக்கும் அடையாளம் காணும் பீனால்கள் அதிலிருந்துதான் வருகின்றன. அவற்றில் குவாயகால் புகைச் சுவைக்கும், சிரிங்கால் புகை மணத்துக்கும் முதன்மைக் காரணம். வெனிலாவின் மணப்பொருளான வெனிலினும் இதே லிக்னினின் துணுக்குதான்.

பீனால்கள் மணத்தோடு நிற்பதில்லை. கொழுப்பு சிக்குப்பிடிப்பதைத் தடுக்கின்றன. அமிலத்தோடும் புகையில் சிறிதளவு உள்ள ஃபார்மால்டிஹைடோடும் சேர்ந்து நுண்ணுயிர்களை அடக்குகின்றன. சூரை மீனை வேகவைத்து, புகையிட்டு, வெயிலில் காயவைத்த மாசிக்கருவாடு மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கு வறட்சி முதற்காரணம், புகை அதற்குத் துணை.

மரத்துக்கு மரம் புகை மாறுவதற்கு லிக்னின் ஒரு காரணம். பைன் போன்ற ஊசியிலை மரங்களின் லிக்னினிலிருந்து குவாயகால் வகைதான் வரும்; அகன்ற இலை மரங்களிலிருந்து குவாயகாலும் சிரிங்காலும் சேர்ந்து வரும். மேலும் ஊசியிலை மரங்களில் ஊறிக்கிடக்கும் பிசின் கரும்புகையோடு எரிந்து, உணவின் மேல் கசக்கும் கரியாகப் படிகிறது. அதனால் பைன், தேவதாரு வகைகளைப் புகையடுப்புக்காரர்கள் பொதுவாக விலக்குகிறார்கள். சவுக்கு பார்ப்பதற்கு ஊசியிலை மரம்போல இருந்தாலும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. ஊசிபோல் தெரிபவை மெல்லிய பச்சைக் குச்சிகள். பூக்கும் தாவரமான அது பிசின் இல்லாத கடின மரம்.

இதற்கு மேல் பொட்டலங்களில் அச்சிடும் வருணனைகளைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வதே நல்லது. ஆப்பிள் மரப் புகையில் ஆப்பிள் மணக்காது. பழத்தின் மணம் பழத்தில் உள்ள எஸ்டர்களுடையது. அவை மரத்தில் இல்லை, இருந்தாலும் தணலில் தாங்காது. ஆப்பிள், செர்ரி மரங்களின் புகை மென்மையானது, ஹிக்கரியின் புகை காரமானது என்பதெல்லாம் அனுபவத்தில் உண்மைதான். ஆனால் ஈர ஆப்பிள் சில்லின் புகை, ஒழுங்காக உலர்ந்த ஹிக்கரியின் புகையைவிடக் கரகரப்பாகவே இருக்கும். அமெரிக்காவில் எந்த ஊருக்கு எந்த மரம் என்ற வழக்கமும் பெரும்பாலும் அருகில் எது வளர்ந்தது என்பதால் வந்தது: நடு டெக்சஸில் போஸ்ட் ஓக், பசிபிக் வடமேற்கின் சால்மன் மீனுக்கு ஆல்டர், மேற்கு டெக்சஸின் வறண்ட நிலத்தில் மெஸ்கீட்.

மெஸ்கீட் தமிழ்நாட்டுக்கு அந்நியமான மரமல்ல. வேலிக்காத்தான் என்றும் சீமைக்கருவேலம் என்றும் இங்கே திட்டு வாங்கும் மரம் அதன் நெருங்கிய உறவு. இரண்டும் நெடுங்காலம் புரோசோபிஸ் என்ற ஒரே பேரினத்தில் இருந்தன. 2022-ல் தாவரவியலாளர்கள் இரண்டையும் நெல்டூமா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். உள்ளூர் வன்னி மரம் மட்டும் புரோசோபிஸாகவே நின்றுவிட்டது. இன்னொரு உறவான கியாவே 1828-ல் ஹவாய்த் தீவுகளின் ஹொனலுலுவில் நடப்பட்டுப் பெருகி, அங்கே கோழி சுடும் விறகானது. ஆக, வேரோடு பிடுங்கச் சொல்லி இங்கே நீதிமன்றம் வரை போன மரத்தின் பங்காளி, அங்கே பொட்டலம் கட்டி விலைக்குப் போகிறது. மெஸ்கீட் புகை உறைப்பானது. நீண்ட நேரம் பட்டால் உணவு கசந்துபோகும். அரை மணியில் வெந்துவிடும் கோழித்துண்டுக்கும் மீனுக்கும் அது பொருந்தும்; நாள் முழுவதும் வேகும் மாட்டு நெஞ்சுக்கறிக்கு ஓக் பாதுகாப்பானது. சீமைக்கருவேலத்தையும் அதே கவனத்தோடு கையாளலாம். அதைவிட எளிதாகக் கிடைப்பது கவாத்து செய்த கொய்யாக் கிளை. கொய்யா விளையும் ஊர்களில் கவாத்துக் காலத்தில் கை பருமனுள்ள கிளைகள் வரப்போரம் குவிந்துகிடக்கும். சில்லுக்கு ஏற்ற பருமன் அதுதான்.

எதை எடுக்கக்கூடாது என்பதில் மட்டும் பேரம் இல்லை. அரளியின் நஞ்சு இதயத்தைத் தாக்கக்கூடியது. அதன் குச்சியில் இறைச்சியைக் கோப்பதுகூடக் கூடாது. பால் வடியும் மரங்களைப் பொதுவாகவே தவிர்ப்பது நல்லது. கடலோரச் சதுப்பில் வளரும் தில்லையின் பால் கண்ணையே கெடுக்கும். சேங்கொட்டை தோலைப் புண்ணாக்கும். தைலமரத்தின் எண்ணெய், புகையில் மருந்து நெடி ஏற்றிவிடும். பெயர் தெரியாத மரம் அடுப்புக்கு வேண்டாம்.

மரத்தைவிட ஆபத்தானது மரத்தின் மேல் மனிதர் பூசியது. தச்சுப்பட்டறையில் இலவசமாகக் கிடைக்கும் கழிவில் ஒட்டுப்பலகையும் துகள்பலகையும் கலந்திருக்கும். அவற்றின் பசைகளில் பெரும்பாலானவை ஃபார்மால்டிஹைடு பிசின்கள். வார்னிஷ், பாலிஷ், பெயின்ட் பட்ட துண்டு எதுவும் ஆகாது. கரையானுக்கும் பூஞ்சைக்கும் எதிராகக் குரோமியம், செம்பு, ஆர்சனிக் கலந்த மருந்தேற்றிய பழைய மரங்கள் எரிந்தால் சாம்பலிலும் புகையிலும் ஆர்சனிக் இருக்கும். சரக்குப் பலகைத் தட்டுகளை உடைத்துச் சில்லாக்க நினைப்பவர் அதன் பக்கவாட்டு முத்திரையைப் படிக்க வேண்டும். எச்.டி. என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியது என்று பொருள், எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுவாயு காட்டியது. எச்.டி. முத்திரை உள்ள தட்டின் மேலும் வழியில் என்ன சிந்தியது என்று யாருக்கும் தெரியாது. கிளை கிடைக்கும் ஊரில் தட்டை உடைக்கத் தேவையே இல்லை.

வெட்டு வேலையை மரம் பச்சையாக இருக்கும்போதே முடிப்பது நல்லது. உலர்ந்து இறுகிய கொய்யாக் கட்டை அரிவாளைத் திருப்பி அனுப்பும். பச்சைக் கட்டை வழிவிடும். மரத்தின் நார்கள் கிளையின் நீளவாக்கில் ஓடுவதால், குறுக்கே அறுக்க ரம்பம் வேண்டும். நெடுக்கே பிளக்க ஒரு தட்டு போதும். இந்த இயல்பை ஒட்டியே கைவேலை நடக்கிறது. 5 செ.மீ. பருமனுள்ள கிளையைக் கைரம்பத்தால் 2 செ.மீ. தடிமனில் வட்டு வட்டாக அறுக்க வேண்டும். வட்டைக் கட்டையின் மேல் படுக்கவைத்து, வெட்டரிவாளின் வாயை நடுவில் பதித்து, அரிவாளின் முதுகில் மரச்சுத்தியால் தட்டினால் வட்டு இரண்டாகத் தெறிக்கும். அந்தப் பாதிகளை இன்னும் மூன்று நான்காகப் பிளந்தால் விரல்நுனி அளவுச் சில்லு. கணு உள்ள வட்டு இப்படிப் பிளக்காது. நார் அங்கே முறுக்கிக்கொண்டிருப்பதால் அதை முழுத் துண்டாகவே ஒதுக்கிவைக்கலாம். சங்கிலி ரம்பம் வேலையைச் சுருக்கும். ஆனால் சங்கிலிக்கு விடும் மசகு எண்ணெய் மரத்தின் மேலும் தூளின் மேலும் தெளித்துக்கொண்டே போகும். அதைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால் சமையல் எண்ணெயை ஊற்றி ஓட்டுபவர்கள் உண்டு. இழைப்புளியிலிருந்து விழும் சுருள் பார்க்க அழகு, அடுப்பில் உதவாது. பொசுக்கென்று தீப்பற்றி முடிந்துவிடும்.

பட்டையை என்ன செய்வது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பட்டையில் சாம்பல் அதிகம், மண் ஒட்டியிருக்கும், பாசியும் பூச்சி முட்டையும் அதன் பிளவுகளில்தான் ஒளியும். கொய்யாவின் பட்டை மெல்லியது, தானே உரியும். கருவேலம்போலத் தடித்த பட்டை உள்ளவற்றில் வெட்டிய அன்றே சீவி எறிந்துவிடுவது நல்லது. காய்ந்த பிறகு அது விடாது. உளுத்துப்போன மரமும் வேண்டாம். வெண்மையாக நைந்துபோகும் வகை அழுகலில் பூஞ்சை முதன்மையாகத் தின்பது லிக்னினை. மணத்தின் மூலப்பொருள் போன பிறகு கட்டையில் என்ன இருக்கிறது?

அடுத்தது உலர்த்துவது. சில்லு தேறுவதும் தேறாததும் இங்கேதான். பச்சை மரத்தில் நீர் இரண்டு இடங்களில் இருக்கிறது: செல்லின் உட்குழிக்குள் தளும்பும் நீர், செல்சுவரில் பிணைந்த நீர். முதலில் வெளியேறுவது குழிநீர். அதுவரை மரம் சுருங்காது. மரத்தின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 28 முதல் 30 சதவீத ஈரத்துக்கு வந்தபின் செல்சுவர் நீரை இழக்கத் தொடங்கும், மரம் சுருங்கும். ஆண்டு வளையங்களின் ஓட்டத்தில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து வெளிநோக்கிய சுருக்கத்தைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. அந்த இழுபறியில்தான் காய்ந்த கட்டையின் முகத்தில் நட்சத்திரம்போல வெடிப்புகள் விழுகின்றன. வெடிப்பைக் கண்டால் உலர்தல் இரண்டாம் கட்டத்துக்குப் போய்விட்டது என்று அறியலாம்.

நீர் மரத்துக்குள்ளிருந்து கசிந்து வெளியேறும் நேரம் தடிமனின் வர்க்கத்தை ஒட்டி மாறுகிறது. தடிமன் பத்தில் ஒன்றானால் நேரம் நூறில் ஒன்று. ஒரு வருடம் அடுக்கிவைக்க வேண்டிய விறகை விரல்நுனிச் சில்லாக வெட்டிப்போட்டால் ஓரிரு வாரம் போதும் என்பதன் கணக்கு இதுதான். நாரின் போக்கில் நீர் நகரும் வேகம் குறுக்குவாட்டைவிடப் பல மடங்கு என்பதால், இருபுறமும் நார்முனை திறந்த சிறு வட்டுத்துண்டு இன்னும் விரைவாகக் காய்கிறது. தரையில் கொட்டிக் காயவைத்தால் அடிப்பக்கம் பூசணம் பிடிக்கும். பழைய கட்டில் வலையிலோ கயிற்றுக்கட்டிலின் மேல் விரித்த கொசுவலையிலோ இரண்டு சில்லு உயரத்துக்கு மேல் இல்லாமல் பரப்பி, காற்றோட்டத்தில் நிழலும் வெயிலும் மாறிமாறிப் படவிட்டு, தினம் ஒருமுறை கையால் கிளறினால் போதும்.

காய்ந்துவிட்டதா என்பதை அறியச் சமையலறைத் தராசு ஒன்றே போதும். பச்சைச் சில்லில் 100 கிராம் எடுத்து, 105 டிகிரி அவனில் எடை மேலும் குறையாத நிலை வரும்வரை வைக்க வேண்டும். அது 58 கிராமில் நின்றால், அந்த மரத்தின் 100 கிராமில் 42 கிராம் நீர். உலர்ந்த எடையோடு ஒப்பிட்டால் ஈரம் 72 சதவீதம். அதே நாளில் இன்னொரு 100 கிராமை நூல் பையில் கட்டி, மற்ற சில்லுகளோடு வெளியே காயவைத்து அவ்வப்போது நிறுக்கலாம். அது 66 கிராமுக்கு இறங்கியதும் ஈரம் ஏறத்தாழ 14 சதவீதம். அதற்குக் கீழே தமிழ்நாட்டின் காற்றில் இறங்குவதும் அரிது. 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் மரம் 13 சதவீத ஈரத்தில் நின்றுவிடும். காற்றின் ஈரப்பதம் 90 ஆகும் அடைமழை நாட்களில் மறுபடி 20-ஐ எட்டும். தராசு இல்லாதவர் இரண்டு சில்லுகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்க்கலாம். காய்ந்தது 'டக்' என்று தெறிப்பாக ஒலிக்கும். ஈரமானது துணிமேல் தட்டியதுபோல அமுங்கும்.

காய்ந்த சில்லை முறத்தில் போட்டுப் புடைத்தால் தூளும் பட்டைத் துணுக்கும் தனியே பிரியும். தூளை எறிய வேண்டியதில்லை. அடுப்பே இல்லாமல் தட்டில் கனியவிட்டு, பாலாடைக்கட்டிக்கும் மீனுக்கும் குளிர்ப்புகை காட்ட அதுவே ஏற்றது. சில்லைக் காற்றுப்புகாத டப்பாவில் அடைப்பதைவிடச் சாக்கில் கட்டித் தரையில் படாமல் தொங்கவிடுவது நல்லது. உள்ளே ஈரம் மிஞ்சியிருந்தால் சாக்கு மூச்சுவிடும். டப்பா பூசணம் வளர்க்கும். பூசணம் பிடித்த சில்லைக் கழுவிக் காயவைத்து மீட்க முயல்வது வீண்.

அளவு ஏன் முக்கியம் என்பதற்குச் சிறு கணக்கு போதும். 5 செ.மீ. பக்கமுள்ள கனசதுரக் கட்டையின் மேற்பரப்பு 150 சதுர செ.மீ. அதையே 1 செ.மீ. கட்டைகளாக நறுக்கினால் 125 கட்டைகள், 750 சதுர செ.மீ. மில்லிமீட்டர் தூளாக்கினால் 7,500. எரிதல் மேற்பரப்பில் நடப்பது. ஆகவே மரம் ஒன்றே, எடை ஒன்றே, எரியும் வேகம் மட்டும் ஐம்பது மடங்கு வேறுபடக்கூடும். பெரிய கட்டை மணிக்கணக்கில் மெல்லப் புகையும். சில்லு சில நிமிடங்களில் புகைந்து, அரை மணிக்குள் ஓயும். மூடியுள்ள கரியடுப்பில் நீண்ட சமையலுக்குக் கட்டையும், எரிவாயு அடுப்பில் சில்லும் என்று பிரிவது இதனால்தான். எல்லா அளவும் கலந்த குவியல்தான் மோசம்: தூள் முதலில் தீப்பற்றி, சில்லையும் கொளுத்திவிடும்.

சில்லை ஊறவைக்க வேண்டும் என்பது பார்பிக்யூ புத்தகங்களில் பழகிப்போன அறிவுரை. பெயரளவுக்கு நியாயம் உண்டு. ஈரச் சில்லு உடனே தீப்பற்றாது. ஆனால் நீர் இருக்கும்வரை மரத்தின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டுவது கடினம். புகை தொடங்க 200-க்கு மேல் வேண்டும். 100 கிராம் சில்லு 30 கிராம் நீரைக் குடித்திருந்தால், அந்த நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க ஏறத்தாழ 76 கிலோஜூல் வெப்பம் செலவாகும். அதே 100 கிராம் உலர்ந்த மரத்தை 300 டிகிரிக்கு ஏற்ற அதில் பாதிக்குச் சற்று மேல் போதும். முதல் பத்து நிமிடம் அடுப்பிலிருந்து கிளம்பும் வெண்மேகம் பெரும்பாலும் நீராவி. வாரக்கணக்கில் உலர்த்தியதை அரை மணியில் நனைப்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டும். இரவெல்லாம் ஊறிய கட்டையைப் பிளந்து பார்த்தால் ஈரம் மேல்தோலோடு நின்று, உள்ளே வறண்டிருப்பது தெரியும். சில்லு தீப்பற்றாமலிருக்கச் சிறந்த வழி நீரைக் கூட்டுவதல்ல, காற்றைக் குறைப்பது: அலுமினியத் தாளில் பொட்டலமாகக் கட்டி, மேலே இரண்டு மூன்று துளையிட்டுத் தணலின் ஓரத்தில் வைத்தால் போதும்.

புகையின் நிறம் அடுப்பின் நிலையைச் சொல்லும். ஈர மரமும் மூச்சுத்திணறும் தீயும் விடுவது அடர்ந்த வெண்புகை. அதில் தாரும் நீரும் பெரிய துளிகளாக மிதப்பதால் எல்லா நிற ஒளியும் சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. உலர்ந்த சில்லு நல்ல தணலின் மேல் கனியும்போது துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவை. அவை நீல ஒளியையே அதிகம் சிதறடிக்கும். வானம் நீலமாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். மெல்லிய நீலப்புகையில் இறைச்சி நிற்கலாம். வெண்புகையில் நின்றால் நாக்கில் கசப்பு ஒட்டும்.

வெப்பம் 400 டிகிரிக்கு மேல் ஏற ஏறப் புகையில் பென்சோபைரீன் முதலிய பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் கூடுகின்றன. பென்சோபைரீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. புகையிட்ட இறைச்சியில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. சில்லு தழலாக எரியாமல் கனிவதும், கொழுப்பு தணலில் சொட்டாமல் கீழே தட்டு வைப்பதும் அந்த அளவைக் குறைக்கும். கரியும் சில்லும் கனியும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும் என்பதால் இந்தச் சமையலுக்கு இடம் வெட்டவெளி மட்டுமே. கதவைத் திறந்துவைத்த அறைகூட ஆகாது.

எவ்வளவு சில்லு என்ற கேள்விக்குப் பெரும்பாலான வீட்டு அடுப்புகளில் ஒரு நேரத்துக்கு ஒரு கைப்பிடி என்பதே விடை. இறைச்சி புகையை வாங்கிக்கொள்வது அதன் மேல்தோல் குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் இருக்கும்போதுதான். புகையின் பீனால்களும் அமிலங்களும் அந்த ஈரத்தில் கரைந்து உள்ளே இறங்குகின்றன. தோலுக்கு அடியில் தெரியும் இளஞ்சிவப்பு வளையமும் அந்த நேரத்துக் கைவேலை: புகையில் வரும் நைட்ரிக் ஆக்சைடு தசையின் மையோகுளோபினோடு பிணைந்து, வெந்தாலும் மாறாத நிறத்தைத் தருகிறது. மேல்தோல் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகு புகை ஒட்டுவது குறைவு. இரண்டு மணி நேரச் சமையலில் கடைசி அரை மணியில் போடும் சில்லு, பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் மணக்கும்.